பவுனம்மாளுக்குப் போட்ட பகடை

ஐயா, மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் குப்பத்தில் கோழிக்குழம்புதான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்க மீன் தின்கிற ஜனம் இரண்டு மாதம் கோழியைத் தின்று அலுத்துக்கொள்ளும். எனக்கு மட்டும் அந்த வாசனை வந்தாலே மனசு குளிர்ந்துவிடும். கோழி கொதிக்கிறது என்றால் மாரியப்பன் கரையில் இருக்கிறான் என்று அர்த்தம்.

இதை நானே எழுதுகிறேன். முதலில் ஸ்டேஷன் ரைட்டர் ஐயாதான் எழுத உட்கார்ந்தார். பகடைக்கு இருபது முகம் என்றேன். பகடைக்கு ஆறு முகம்தான் என்றார். இது வேறு பகடை என்றேன். எது வேறாக இருந்தாலும் பகடைக்கு ஆறு முகம்தான் என்றார். வெகுநேரம் அதிலேயே போயிற்று. கடைசியில் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, "நீயே எழுதித் தொலை" என்று டீ குடிக்கப் போய்விட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரியாதவர்களுக்கு விளக்குவது பொறுமை கேட்கிற வேலை, அந்தப் பொறுமை எல்லோருக்கும் இருக்காது.

என் பெயர் வெற்றி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா, சித்தப்பா, மாமன்மார் எல்லோரும் விசைப்படகில் போனவர்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவை ஏற்றிப் பார்த்தார்கள். காசிமேட்டுத் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிட்டது. எனக்காகப் படகைத் திருப்பினார்கள். அன்றிலிருந்து குப்பத்தில் எனக்கு 'வாந்தி' என்று பெயர். மாரியப்பன் கல்யாணத்துக்கு வைத்த பேனரில்கூட என் படத்துக்குக் கீழே 'வாந்தி வெற்றி' என்றுதான் போட்டிருந்தார்கள். நான் கோபித்துக்கொள்ளவில்லை. படம் நன்றாக விழுந்திருந்தது.

மாரியப்பன் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்து. படகோட்டி. அவன் கடலுக்குப் போனால் திரும்ப எட்டு நாள், பத்து நாள் ஆகும். அவனோடு இன்னாசியும் போய்விடுவான். இன்னாசி ராயபுரத்துக்காரன், எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிறான், அதே படகில் வலை இழுக்கிறவன். ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போய்விட்ட குப்பத்தில், மீசை வைத்த ஓர் ஆள் சாயங்காலம் தனியாக டீக்கடையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பெண்கள் பாவம் பார்ப்பார்கள். அந்தப் பாவம் பார்ப்பது இருக்கிறதே, அது வாந்தியைவிடக் கேவலம்.

இந்த வருஷத் தடைக்காலத்தில்தான் அந்த விளையாட்டு வந்து சேர்ந்தது. கடைக்கு ரிப்பேருக்கு வந்த ஒரு கம்ப்யூட்டரை அதன் சொந்தக்காரர் வேண்டாம் என்று விட்டுப் போனார். நான் அதைச் சரிசெய்து வீட்டு மாடி அறையில் டிவியோடு இணைத்தேன். வெளிநாட்டில் மேசைமேல் தாளையும் பகடையையும் பரப்பிக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற கதை ஆட்டம் ஒன்று உண்டு. அதன் விதிகளை அப்படியே எடுத்துக் கம்ப்யூட்டருக்குள் வைத்திருக்கிறார்கள். சுடுவது, ஓடுவது கிடையாது. முறை வரும்போதுதான் ஆட வேண்டும். எதைச் செய்தாலும், பூட்டைத் திறந்தாலும், பூதத்தை வெட்டினாலும், காவல்காரனிடம் பொய் சொன்னாலும், திரையில் இருபது முகப் பகடை ஒன்று உருளும். எண் பெரிதாக விழுந்தால் நடக்கும், சிறிதாக விழுந்தால் நடக்காது. அவ்வளவுதான். ரைட்டர் ஐயா கேட்டிருந்தால் இவ்வளவு எளிதாகவே சொல்லியிருப்பேன்.

நாங்கள் நாலு பேர். மாரியப்பன் வைத்தியன். அடிபட்டவனைத் தொட்டுக் குணமாக்குவான், செத்தவனைக்கூட எழுப்புவான். 'டாக்டர் மாரி' என்று பெயர் வைத்துக்கொண்டான். இன்னாசி திருடன். பூட்டு திறப்பது, தரையில் மறைத்து வைத்த பொறியைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. மாரியப்பன் மனைவி அம்மு மந்திரவாதி. முதல் நாள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள், தீப்பந்து எறிய முடியும் என்று தெரிந்ததும் எழுந்து போகவில்லை. நான் வீரன், கூட்டத்துக்குத் தலைவன். முன்னால் நடப்பது நான், கதவைத் தள்ளுவது நான், எந்த வழியில் போவது என்று மூன்று பேரும் முகத்தைப் பார்த்துக் கேட்பது என்னைத்தான்.

ஆட்டம் ஆரம்பிக்கும்போது நம் குணம் என்ன என்று கேட்கும். கெட்டவனாகவும் ஆடலாம். இன்னாசி ஏதோ இரண்டும்கெட்டானைத் தேர்ந்தெடுத்தான். நான் எடுத்தது, சட்டத்தை மதிக்கிற நல்லவன். அது இன்றுவரை மாறவில்லை. கம்ப்யூட்டரை நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டுமானால் திறந்து பார்க்கலாம்.

ஒரு விஷயம் முக்கியம். இந்த ஆட்டத்தில் ஏமாற்ற வழி உண்டு. எண் மோசமாக விழுந்தால், சேமித்து வைத்த பழைய இடத்துக்குப் போய் மறுபடி போடலாம். உலகம் முழுக்க அப்படித்தான் ஆடுகிறார்கள். நானும் முதல் வாரம் ஒரு தடவை அப்படிச் செய்யப் போனேன். மாரியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வுழுந்தது வுழுந்ததுதான் மாமு. திரும்பிப் போட்டா அது இன்னா ஆட்டம்? கடல்ல வல போட்டுட்டு, மீன் வர்லன்னு நேத்திக்குத் திரும்பிப் போவ முடியுமா?"

அன்றைக்கே நாலு பேரும் கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். எங்கள் கூட்டத்துக்கு இருந்த ஒரே சட்டம் அது. அதனால் எத்தனையோ தடவை செத்தோம். ஒவ்வொரு தடவையும் டாக்டர் மாரி எழுப்பினான்.

அந்த இரண்டு மாதமும் காலையில் வலையைத் தைத்துவிட்டு, படகுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு, கை கழுவி மாடிக்கு வந்துவிடுவார்கள். அம்மு குழம்புப் பாத்திரத்தையே தூக்கிக்கொண்டு வருவாள். ஐயா, நான் முப்பத்தொரு வருஷம் வாழ்ந்ததில் அந்த நாட்கள்தான் வாழ்ந்த நாட்கள். யாரும் என்னை வாந்தி என்று கூப்பிடவில்லை. 'தலைவா' என்றார்கள். இன்னாசி தெருவில்கூட ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டான்.

ஜூன் நடுவில் தடை முடிந்தது. கல்லறை மன்னன் என்று ஒரு கிழட்டு அரக்கன், அவனைக் கொன்றால் கதை முடியும். அவன் இருக்கிற கோட்டைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அந்த நேரத்தில் எல்லோரும் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்து வந்தவர்களுக்குக் கண் சொருகியது. மாரியப்பன் ஒரு பூட்டுக்கும் அடுத்த பூட்டுக்கும் நடுவில் உட்கார்ந்தபடியே குறட்டை விட்டான். வைத்தியன் தூங்கினால் கூட்டம் என்ன ஆகும் என்று அவன் யோசிக்கவில்லை. நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த தடவை அவர்கள் கிளம்ப வேண்டிய அன்று வலை பின்னுகிற கன்னியப்பன் இறந்துபோனார். வயசானவர், தூக்கத்திலேயே போய்விட்டார். எங்கள் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சாவு விழுந்தால் பிணத்தை எடுத்துக் காரியம் முடிகிறவரை யாரும் தொழிலுக்குப் போகக் கூடாது. போனால் குப்பத்து நிர்வாகிகள் கூப்பிட்டுக் கேட்பார்கள், ஊரும் பேசாது. காசிமேட்டில் படகு தயாராக நின்றாலும் எங்கள் ஆட்கள் இல்லாமல் அது கிளம்பாது. மதியம் கன்னியப்பனை எடுத்துவிட்டோம். குளித்துவிட்டு நாலு பேரும் மாடிக்கு வந்தோம். அன்று கோட்டை வாசலையே பிடித்துவிட்டோம். அம்மு எறிந்த தீப்பந்தில் ஏழு எலும்புக்கூடுகள் ஒரே சமயத்தில் விழுந்தன. தெருவில் கட்டிய பந்தல் பிரிக்காமல் இருந்தது, அதனால் கொஞ்சம் மெதுவாகக் கத்தினோம்.

கன்னியப்பன் சாவில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும். நான் கற்றுக்கொண்டது மட்டும்தான்.

அதற்குப் பிறகு மறுபடியும் பத்து நாள். மறுபடியும் டீக்கடை. அடுத்த தடவை அவர்கள் கிளம்புகிற அன்று காலையில், பவுனம்மாள் இறந்துவிட்டதாக எனக்குப் போன் வந்தது என்று நான் தெருவில் சொன்னேன். பவுனம்மாள் டோல்கேட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவள். எழுபது வயசு இருக்கும், குரல் மட்டும் இருபது. மகள் வீட்டைப் பார்க்கச் சடையங்குப்பம் போயிருந்தாள். அங்கே முந்தின நாள் மழையில் தண்ணீர் புகுந்து கரன்ட் போய், மகளின் போனும் அணைந்து கிடந்தது, பவுனம்மாளிடம் போனே கிடையாது. நான் செல்போன் கடைக்காரன். போன் வந்தது என்று நான் சொன்னால் குப்பத்தில் சந்தேகப்பட மாட்டார்கள்.

நான் எதிர்பார்த்ததைவிட வேகமாக வேலை நடந்தது. பந்தல் வந்தது, மேளம் வந்தது, வண்ணாரப்பேட்டையிலிருந்து ஆளுயர மாலை வந்தது, பிணம் வைக்கிற ஐஸ்பெட்டியும் வந்தது. அந்தப் பெட்டி வண்டியிலிருந்து இறங்குகிற நேரத்தில், பின்னாலேயே ஷேர் ஆட்டோவிலிருந்து பவுனம்மாளும் இறங்கினாள். மேளம் நின்றுவிட்டது.

"இன்னாங்கடா மாலையெல்லாம் பெர்சா கீது? யாரு பூட்டா?" என்று கேட்டாள்.

மாரியப்பன்தான் சொன்னான். "நீதான் ஆயா."

"நானா? எனுக்கே தெர்லயேடா." பெட்டியைச் சுற்றி வந்து, உள்ளே கையை விட்டுப் பார்த்தாள். "ஜில்லுன்னுதான் கீது. இத்த ரெண்டு நாளைக்கு வூட்லயே வுட்டுட்டுப் போ நைனா, மிச்ச மீனு போட்டு வெச்சுக்கறேன்."

குப்பமே சிரித்தது. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மேளத்துக்கு ஆடவும் ஆடினாள். நானும் சிரித்தேன், ராங் நம்பரில் யாரோ விளையாடிவிட்டார்கள் என்றேன், நம்பினார்கள். சாவு மேளம் அடித்துவிட்டு அன்றைக்கே கடலில் இறங்குவது நல்லதல்ல என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால் படகும் போகவில்லை. அன்று கல்லறை மன்னனின் கதவுவரை போய்ச் சேமித்து வைத்தோம். கதவுக்கு வெளியே நாலு பேரும் நிற்கிறோம். உள்ளே அவன் இருக்கிறான். இன்னும் ஒரே ஒரு முழு நாள் வேண்டும்.

அந்த ஒரு நாளைத்தான் நான் கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. முதலில் மாரியப்பனிடம் வாய்விட்டே கேட்டேன். ஒரு நாள் லீவு போடேன் என்றேன்.

"படகு ஓனர் இன்னா எங்க மாமனா? நா போவலன்னா வேற டிரைவர ஏத்துவாரு. தீவாளி வரைக்கும் பொறுத்துக்க மாமு, மன்னன் எங்கியும் ஓடிப் போவ மாட்டான்" என்றான்.

தப்பில்லாத பதில்தான். ஆனால் அதே வாரம் இன்னாசி கடைக்கு வந்து, கேரளாப் பக்கம் ஒரு படகில் கூப்பிடுகிறார்கள், போகலாம் என்று இருக்கிறேன் என்றான். அம்மு மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள், மாடிப்படி ஏறக் கூடாது என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள். கூட்டம் என் கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தது. தலைவன் என்று ஒருவன் இருந்தால் இந்த இடத்தில் ஏதாவது செய்தாக வேண்டும்.

மறுபடியும் பொய்ச் சாவு சொல்ல முடியாது. பிணத்தைக் கண்ணால் பார்த்தபிறகுதான் இனிமேல் மாலை வாங்குவார்கள். ஆகவே மெய்யாகவே ஒன்று தேவைப்பட்டது. நான் யாரையும் அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு வீடாக யோசித்தேன். பவுனம்மாள்தான் பொருத்தம் என்று பட்டது. அவளுக்காகக் குப்பம் ஏற்கெனவே ஒரு முறை அழுது முடித்திருந்தது. துக்கத்தில் பாதி தீர்ந்த மாதிரி. அவளும் தன் மாலையைப் போட்டுப் பார்த்துவிட்டாள், அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும். அவள்மேல் எனக்குப் பகை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போகிற வழியில் என் கடையில் நின்று, "இந்தா வாந்தி, கொழம்பு வெச்சுக்க" என்று வஞ்சிரத் துண்டு போட்டுவிட்டுப் போகிறவள். அப்படிக் கூப்பிடுவாள்தான். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் குப்பத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் கால்வாய் கட்டுவதற்காகத் தோண்டிய பள்ளம் ஒன்று உண்டு. தோண்டினவர்கள் அடியில் நட்டுக்குத்தாகக் கம்பி கட்டிவிட்டுப் போனார்கள், திரும்ப வரவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அதன் குறுக்கே உடைந்த படகின் நீலப் பலகை ஒன்றை நாங்களே போட்டு நடந்துகொண்டிருந்தோம். மழை பெய்தால் பள்ளமும் ரோடும் ஒரே தண்ணீராகிவிடும், பலகை மட்டும் அரைவிரல் மேலே தெரியும். பழகினவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. மாரியப்பன் கண்ணைக் கட்டிவிட்டாலும் அதில் நடப்பான். பவுனம்மாள் சாயங்காலம் டோல்கேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, அந்தப் பலகை வழியாகத்தான் உள்ளே வருவாள். அங்கே இருக்கிற தெருவிளக்கை நான் அணைக்கவில்லை. அது எப்போதுமே எரியாது.

ஆனாலும் நான் நினைத்த மாத்திரத்தில் ஒருவரை முடிப்பது நியாயமில்லை. எங்கள் ஆட்டத்தில் எவ்வளவு பெரிய ஆபத்து வந்தாலும், தப்பிப்பதற்கு என்று ஒரு பகடை உண்டு. பூதம் நெருப்பு ஊதினாலும் அந்தப் பகடையைப் போட்ட பிறகுதான் எரிவோமா தப்பிப்போமா என்று தெரியும். யாரும் வாய்ப்பில்லாமல் சாவதில்லை. ஆகவே ஆன்லைனில் நிஜப் பகடை ஒன்று வரவழைத்தேன். பச்சை நிறம், நெல்லிக்காய் அளவு, இருபது முகம். கடைக் கண்ணாடிமேல் பவுனம்மாளுக்காகப் போட்டேன். பத்துக்கு மேல் விழுந்தால் பலகை இருந்த இடத்திலேயே இருக்கும், நான் மாரியப்பன் சொன்ன மாதிரி தீபாவளிவரை பொறுத்துக்கொள்வேன். பத்தோ அதற்குக் கீழோ விழுந்தால் பலகையை எடுத்துவிடுவேன். பாதிக்குப் பாதி. இந்த ரோட்டில் தாறுமாறாக ஓட்டுகிற கன்டெய்னர் லாரிக்காரர்கள்கூட யாருக்கும் இவ்வளவு வாய்ப்புக் கொடுப்பதில்லை.

நான்கு விழுந்தது.

அன்று நல்ல மழை. அவர்கள் படகு மறுநாள் விடிகாலையில் கிளம்ப வேண்டியது. சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டதும் போய்ப் பலகையை எடுத்து, தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வழியில் இரண்டு பேர் பார்த்தார்கள். மழைக்கு வீட்டில் எதையோ தூக்கி வைக்கப் போகிறான் என்று நினைத்திருப்பார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளமும் ரோடும் தெரியும். டிவியைப் போட்டு, ஆட்டத்தைத் திறந்து, கையில் பிடித்து ஆடுகிற நாலு கன்ட்ரோலரையும் துடைத்து வைத்துவிட்டு ஜன்னலில் நின்றேன்.

பவுனம்மாள் இறங்கினாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் வந்து நின்றாள். காலை எடுத்து வைக்கவில்லை. வயசான ஜனத்துக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். அங்கேயே நின்று குரல் கொடுத்தாள்.

"டேய், யார்ரா உள்ள கீறீங்கோ? பலவ எங்கடா? ஒண்ணியும் தெர்லடா."

அவள் குரல் கேட்டால் தெருக்கோடிவரை கேட்கும். மாரியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து வெளியே வந்தான். தினமும் அவள் கூடையை வாங்கிக்கொள்வது அவன்தான். "இரு ஆயா, அங்கியே நில்லு, தோ வந்துகினே கீறேன்" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். பலகை எங்கே இருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். கீழே பார்க்கவே இல்லை. பலகை எப்போதும் இருக்கிற இடத்தில் காலை வைத்தான்.

நான் ஜன்னலைத் தட்டினேன். கூப்பிட்டேனா என்று கேட்டால், இல்லை, தட்டினது மட்டும்தான். இது உண்மை.

உள்ளே கம்பி இருந்தது என்று முன்பே எழுதியிருக்கிறேன். இன்னாசியும் மற்றவர்களும் இறங்கித் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நானும் இறங்கினேன். அவன் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். அழுதேன் ஐயா, நடிப்பில்லை. அந்த ஆட்டத்தில் பெரிய குறை ஒன்று உண்டு. யார் விழுந்தாலும் வைத்தியன் எழுப்புவான். வைத்தியன் விழுந்தால் எழுப்புவதற்கு ஆள் கிடையாது.

மறுநாள் படகு போகவில்லை. எங்கள் குப்பத்திலிருந்து ஓர் ஆள்கூடப் போகவில்லை. அந்த அளவில் நான் யோசித்தது சரியாகத்தான் நடந்தது. பவுனம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து, "எனுக்கு வந்தத நீ வாங்கினியேடா" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அவள் எதை நினைத்துச் சொன்னாளோ தெரியாது. ஆனால் நடந்ததை அவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை.

மதியம் எடுத்தோம். குளித்துவிட்டு வந்தபோது பொழுது நிறைய மிச்சமிருந்தது. முழு நாள் வீணாகக் கூடாது என்று தோன்றியது. மாரியப்பன் இருந்தால் அவனும் அதைத்தான் சொல்லியிருப்பான். அவன் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு அம்முவின் வீட்டுக்குப் போனேன். மூன்று பேர் இருந்தாலும் போதும், அவனுடைய முறையையும் அம்முவே ஆடிவிடலாம், மாடிப்படி ஏறக் கஷ்டமென்றால் டிவியைக் கீழே கொண்டுவருகிறேன் என்று சொல்வதற்காகத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அவுரு கை பட்டது. எனுக்குன்னு எடுத்துகினு வந்தியா அண்ணா?" என்று கேட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பட்டன்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

திருப்பிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. நான் அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை. எனக்கு அவள்மேல் கண் இருந்தது, அதனால்தான் செய்தேன் என்று டீக்கடையில் பேசுவதாகக் கேள்வி. அது அபாண்டம். அவள் தீப்பந்து எறிகிற கைக்கு நான் மரியாதை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

இன்னாசி அன்று சாயங்காலம் தானாகவே மாடிக்கு வந்தான். விளையாட வந்திருக்கிறான் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் துக்கத்தில் யாரோடாவது உட்கார வந்திருக்கிறான். டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவன் கன்ட்ரோலரை எடுக்கவில்லை. கன்ட்ரோலர்கள் இருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். நீலப் பெயின்ட், ஓரத்தில் பழைய படகின் பெயரில் பாதி எழுத்து. நல்ல மரத்தை வீசுவது எனக்குப் பழக்கமில்லை, சாமான் வைக்க ஒரு தட்டு வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டும் இருந்தேன்.

"இது இன்னா பலவ தலைவா?" என்றான்.

"பலகைதான்" என்றேன்.

அவன் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். நான் அவனைக் குறை சொல்லவில்லை. பொறி எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பது அவன் வேலை, அதற்காகத்தான் அவனைக் கூட்டத்தில் சேர்த்திருந்தோம். ஒரு நாள் முன்னால் கண்டுபிடித்திருந்தால் இன்னும் நல்ல திருடன் என்று சொல்லியிருப்பேன்.

குப்பத்தில் எல்லோரும் நான் மாரியப்பனைக் கொன்றேன் என்று சொல்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் நான் அவனுக்கு எதுவுமே செய்யவில்லை. பகடை போட்டது பவுனம்மாளுக்கு. பலகையை எடுத்தது பவுனம்மாளுக்கு. அவன் முறை இல்லாமல் நடுவில் புகுந்தான். வைத்தியன் குணம் அது, அவனாலும் மாற்றிக்கொள்ள முடியாது. பவுனம்மாள் இப்போதும் டோல்கேட்டில் கூடை வைத்திருக்கிறாள் என்று என்னைப் பார்க்க வந்த சித்தப்பா சொன்னார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம். எதிரில் வாங்க வந்தவர்கள் என் பெயரை எடுத்தால், கூடையை மூடிவிடுகிறாளாம்.

ரைட்டர் ஐயா டீ குடித்துவிட்டு வந்துவிட்டார். கையெழுத்துப் போடச் சொல்கிறார். போடுவதற்கு முன்னால் மேலே எழுதியதில் ஒரே ஒரு இடத்தைத் திருத்த வேண்டும். சட்டத்தை மதிக்கிறவன் என்று எழுதிவிட்டு, இதை மறைப்பது எனக்கு உறுத்துகிறது.

கடைக் கண்ணாடிமேல் நான்கு விழுந்தது என்று எழுதியிருக்கிறேன். விழுந்தது உண்மைதான். ஆனால் முதலில் விழுந்தது பதினெட்டு. கண்ணாடி வழுக்குகிறது, சரியாக உருளவில்லை என்று நினைத்துத் துணி விரித்துப் போட்டேன். பதினான்கு விழுந்தது. துணி மடிந்திருந்தது. அதை நீவிவிட்டுப் போட்டபோதுதான் நான்கு.

பலகையை எடுத்ததைப் பற்றி நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. நான்கு விழுந்தால் எடுக்க வேண்டியதுதான். ஆனால் விழுந்ததைத் திரும்பிப் போட மாட்டேன் என்று மாரியப்பன் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன். இரண்டு தடவை திரும்பிப் போட்டேன். அந்தக் குற்றத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் அதற்கு மட்டும்தான்.